படிவத்தில் நீ எழுதியது

அன்புள்ள வெர்னா,

நீ கார் கண்காட்சியிலிருந்து பாதியிலேயே உன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாய். நீ போன பிறகு, நம் அறுபத்தொன்பதாம் வருடத்துக் கமாரோ காருக்கு முதல் பரிசு கிடைத்தது.

"எஞ்சினைப் பிரிச்சு மாட்டினது யாரு?" என்று நடுவர் கேட்டபோது, "நான்தான். இவ சாண்ட்விச் டிபார்ட்மென்ட்" என்றேன். நகக்கண்ணில் கிரீஸோடு பக்கத்தில் நின்ற நீ, அதைக் கேட்டதும்தான் கிளம்பினாய்.

பரிசு வாங்கிய பின் வண்டி கிளம்பவில்லை. கார்புரேட்டரை அரைமணி நேரம் அறிஞனைப் போல் உற்றுப் பார்த்தேன்.

"அண்ணே, சாண்ட்விச் டிபார்ட்மென்ட்டக் கூப்பிடுங்க!" என்றான் பக்கத்துக் காரின் சொந்தக்காரன் டுவெய்ன்.

கோப்பையைத் திருப்பிக் கொடுத்து, நடுவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் நீ நிரப்பிய போட்டிப் படிவத்தைக் காட்டினார். சீரமைத்தவர் பெயர் கேட்ட இடத்தில், 'நாங்கள் இருவரும்' என்று எழுதியிருந்தாய்.

நீ வண்டியைச் சீரமைத்த இரண்டு வருடத்தில் நான் செய்தது மெழுகு பூசியது மட்டும்.

அந்த இருவர் இன்னும் இருக்கிறார்களா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்கிறேன்.

உன் கணவன்