வேடந்தாங்கல் நாரைகளும் அத்தையின் வஞ்சரமும்

ஞாயிறு, படூர்.

வேடந்தாங்கலில் எடுத்த நாரைப் படங்களைச் சின்னதாக்கி, சாயங்காலம் அபார்ட்மென்ட் கண்காட்சிக்குத் தருவதாகச் சொல்லியிருந்தேன். விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் இருந்து, அதே கணினியில் ஓடும் லினக்ஸுக்குக் கட்டளை அனுப்பினேன். டாலர் குறி போட்ட இடத்தில் ஒவ்வொரு படத்தின் பெயரையும் லினக்ஸ் நிரப்ப வேண்டும். காலை முழுக்க ஒரு நாரைகூட வரவில்லை. ஒரே பேஜாரு.

நடுவில் வீட்டுக்காரரிடம், "அத்தைக்கு இன்னா மீன் வேணும்னு கேட்டு வாங்கினு வாங்க" என்றேன். மனுஷன் கேட்காமலே போய்க் கத்திரிக்காயோடு வந்தார்.

"அம்மா இன்னிக்கு மீன் வேணாம்னுதான் சொல்லும்."

உள்ளே இருந்து அத்தை கத்தினார்: "யார்ரா சொன்னது? வஞ்சரம் கேக்கலாம்னு காலைலேர்ந்து குந்திகினு கீறேன்!"

எனக்குச் சட்டென்று உறைத்தது. பவர்ஷெல்லும் இதைத்தான் செய்திருக்கிறது! லினக்ஸைக் கேட்காமல் அந்த இடத்தைத் தானே காலியாக்கி அனுப்பியிருக்கிறது. கட்டளையைச் சுற்றியிருந்த இரட்டை மேற்கோளை, உள்ளே இருப்பதைத் தொட விடாத ஒற்றை மேற்கோளாக்கினேன். இப்போது பவர்ஷெல் சொன்னதை அப்படியே லினக்ஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தது. நாரைகள் வரிசையாக வந்து இறங்கின. நாற்காலியில் இருந்து குதித்தேன்.

அவரை மறுபடியும் மார்க்கெட்டுக்கு அனுப்பினேன். இந்த முறை அத்தையை வண்டியில் பின்னால் உட்கார வைத்து.