தம்பி வேண்டாமென்று சொல்லவில்லை

பீளமேடு,
6-1-1997

அன்பு மகள் சண்முகப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை இனியாவும் அந்த வெளிநாட்டுக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கு வைக்கும்போது நினைத்துக்கொள்கிறேன். இங்கே அப்பா, தம்பி, நான் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், அவரவர் வேலையைப் பார்க்கிறோம். அதற்குப் பெயர் நலம் என்றால் நலம்தான். இனியா பனியில் நிற்கிற போட்டோ வந்தது. அப்பா அதைப் பட்டறைக்கு எடுத்துப் போய் லேத்துக்கு எதிரே காலண்டரில் செருகி வைத்திருக்கிறார், எண்ணெய்க் கை படும் என்று சொன்னாலும் கேட்கவில்லை. உடுமலைப்பேட்டையிலிருந்து லட்சுமணசாமி மாமா போன வாரம் வந்திருந்தார். தம்பிக்குப் பெருந்துறையில் பார்த்த பெண் வீட்டார் நடந்ததைக் கேள்விப்பட்டு வேண்டாம் என்றுவிட்டார்களாம், அதைச் சொல்ல முடியாமல் காப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குப் பெண் பாக்கி இருந்தாலும் கடலுக்குப் போகிறவனுக்குக் கொடுத்திருக்க மாட்டேன்.

நடந்ததை நீ போனில் கேட்டது பாதிதான் கண்ணு. மீதியை எழுதத்தான் உட்கார்ந்தேன், இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன், இதை முடித்துவிடுவேன். நம் குடும்பத்தில் கடலைப் பார்த்தவர்களே குறைவு. டிப்ளமா முடித்த கையோடு படகு இன்ஜின் சர்வீசுக்கு நாகப்பட்டினம் போனவன் ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிடுவான் என்றுதான் நானும் அப்பாவும் நினைத்தோம். அங்கேயே நாகூர் யூனுஸோடு கூட்டுச் சேர்ந்து படகு வாங்கி ஏழு வருஷம் ஓடிவிட்டது. ஐப்பசி கடைசியில் அவர்கள் படகு கிளம்பியபோது அதில் நான்கு பேர். தம்பி இன்ஜினைப் பார்த்துக்கொள்ள, படகை ஓட்டுகிற நாகூர் மீரான், வலை இழுக்க இரண்டு பேர். யூனுஸ் கரையில் வயர்லெஸ் பக்கத்தில் இருந்தான். இரண்டாம் நாள் காற்று பிடித்துவிட்டது. அவசரமாக வலையை ஏற்றும்போது அதை இழுக்கிற கம்பிக்கயிறு அறுந்து மீரானின் தொடையில் அடித்து எலும்பு வரைக்கும் கிழித்துவிட்டது. அறுந்த கயிறு தண்ணீருக்குள் போய்ப் படகைத் தள்ளுகிற விசிறியில் சுற்றிக்கொண்டது. இன்ஜினுக்கு ஒரு கோளாறும் இல்லை, ஆனால் அந்த அலையில் இறங்கிக் கயிற்றை எடுக்க முடியாமல் படகு நகரவில்லை. இன்ஜின்காரன் என்று போனவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாகிவிட்டது.

இனிமேல் எழுதுவது யூனுஸ் என்னிடம் சொன்னது. வயர்லெஸ் மூன்று நாளும் நன்றாகவே வேலை செய்ததாம். பேசினால் பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி கேட்டதாம். எங்கே நிற்கிறீர்கள் என்று இவன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். தம்பி திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறான். "தெரியலீங்க பாய்." காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் இழுத்துப் போகின்றன என்று சொல்லத் தெரியவில்லை. மேகம் மூடிக்கொண்டு சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. மீரானுக்கு அதையெல்லாம் பார்த்துத்தான் பழக்கம். யூனுஸ் அனுப்பிய ஆறு படகுகளும் வடக்கே தேடியிருக்கின்றன, இவர்கள் தெற்கே போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள். தம்பி தன் வேட்டியைக் கிழித்துக் காலைக் கட்டி, மீரானின் தலையை மடியில் வைத்துக்கொண்டே இருந்தானாம். மீரான்தான் இவனுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார். "கரை மேற்கேதான் இருக்கு தம்பி, எங்கயும் போயிடாது" என்றாராம். அடிபட்ட மூன்றாம் நாள் மத்தியானம் அவர் உயிர் போய்விட்டது. மறுநாள் காலையில் வேறு யாரோ ஒரு படகுக்காரர் தற்செயலாகப் பார்த்து இவர்களைக் கட்டி இழுத்து வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் கால் போயிருக்கும், ஆள் பிழைத்திருப்பார் என்றாராம். டாக்டர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

விஷயம் தெரிந்து நீ போன் பண்ணியபோது, படகு நிற்கிற இடத்தைக் காட்டுகிற அந்த ஜி.பி.எஸ் கருவியைத் தம்பி அன்றைக்கே வாங்கிக்கொண்டிருக்கலாம், வேண்டாம் என்றுவிட்டானே என்று சொல்லி அழுதாய். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நீ அம்மா அம்மா என்று கூப்பிட்டாய். லைன் கட்டாகவில்லை. தம்பி வேண்டாம் என்று சொல்லவில்லை கண்ணு. அவனிடம் நான் கேட்கவே இல்லை. போன சித்திரையில் நீ அங்கே கடைக்காரர்களின் விலைப் புத்தகத்திலிருந்து இரண்டு பக்கம் கிழித்து, இரண்டு கருவிகளைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, இதில் எது அவனுக்குச் சரிப்படும் என்று கேட்டு எழுதச் சொல்லியிருந்தாய். நான் படித்துவிட்டுப் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அதற்கு முந்தின பொங்கலுக்கு வந்தபோது, பெரிய படகுக்காரர்கள் எல்லாம் அந்தக் கருவி வாங்கிவிட்டார்கள், அது இல்லாமல் இன்னும் எத்தனை நாள் ஓட்டுவது, பேசாமல் படகை விற்றுவிடலாமா என்று அவன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அது என் மனதில் நின்றுவிட்டது. கருவி வராமல் இருந்தால் சலித்துப் போய் வந்துவிடுவான் என்று நினைத்தேன். தம்பி வேண்டாம் என்கிறான், அவர்களுக்கு அது தேவைப்படாதாம் என்று உனக்கு எழுதிப் போட்டேன். எழுதி ஒட்டிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த மாதிரி மார்க்கெட்டுக்குப் போய் வந்தேன்.

மீரானுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுகிறார்கள் என்று தம்பி நாகூர் கிளம்பினான், நானும் வருகிறேன் என்று கூடப் போனேன். மீரான் ஒருமுறை இன்ஜின் சாமான் வாங்கக் கோயமுத்தூர் வந்து நம் வீட்டில் சாப்பிட்டாரே, அப்போது நான் போட்ட அரிசி பருப்புச் சோறு எப்படிச் செய்வது என்று கேட்டு எழுதி வாங்கிப் போனார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் முதலில் சொன்னாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தச் சோறு ஆக்கச் சொல்வாராம். அம்மா நீங்க இவ்வளவு தூரம் வந்தீங்களே என்று சொல்லி எனக்கு மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டாள். அவளுக்கு இனியாவை விடக் கொஞ்சம் பெரிய பெண் ஒன்று இருக்கிறது, என் மடியில் வந்து உட்கார்ந்தது. நான் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

திரும்பும்போது திருச்சி பஸ் ஸ்டாண்டில் கோயமுத்தூர் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தோம். அங்கே வைத்துத் தம்பியிடம் சொல்லிவிட்டேன். நீ எழுதியது, நான் எடுத்து வைத்தது, உனக்கு நான் எழுதியது எல்லாம். அவன் கத்துவான் என்று நினைத்தேன். "அக்கா எந்த மாசம் எழுதியிருந்தா?" என்று கேட்டான். சித்திரையில கண்ணு என்றேன். விரலை விட்டு எண்ணினான். "ஆடிக்கே வந்திருக்கும்" என்றான், அவ்வளவுதான். பிறகு எழுந்து போய் எனக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் விட்டுவிட்டு, அவன் முன்னால் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். காந்திபுரம் வந்து இறங்குகிற வரைக்கும் அவன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போய் உன் அப்பாவிடமும் சொன்னேன். அவர் லேத்தை நிறுத்திவிட்டு இரும்புத்தூளைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்கத் தூள் ஒன்றும் இல்லாத பிறகும் துடைத்தார். "எங்கிட்டக் கேட்டிருந்தாலும் அதையேதான் செய்யச் சொல்லியிருப்பேன்" என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. தம்பி ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டான், துணியைக் கேட்டால் எடுத்துப் போட்டான். அப்பா அவனை உட்கார வைத்து, பம்புசெட் வேலைக்கு ஆர்டர் நிறைய இருக்கிறது, தனக்கும் பார்வை முன்னே மாதிரி இல்லை, பட்டறையை நீ எடுத்துக்கொள் என்று சொல்லிப் பார்த்தார்.

நேற்றுக் காலையில் நான் கொள்ளு வேக வைத்துக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்று, அக்கா அனுப்பின காகிதத்தைக் குடு என்றான். பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கத்தையும் சாப்பாட்டு மேசையில் விரித்து, பென்சிலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தான். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, கடைக்கு வந்த ஆளுக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னான், நான் ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன், நீ பார்த்து வாங்கு. நீ முதலில் வட்டம் போட்ட சின்னது வேண்டாம். அது சட்டைப் பையில் அடங்கும், விலையும் குறைவு, ஆனால் மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் தேடிப் பிடிக்கிறதாம், படகு ஆடும்போது பிடித்ததும் விட்டுப் போய்விடுமாம். இரண்டாவது கொஞ்சம் கனம், அது பன்னிரண்டை ஒரே சமயத்தில் பார்க்குமாம், அதுதான் வேண்டும். எண்கள் பெரிதாக, வெயிலில் வைத்துப் பார்த்தாலும் தெரிய வேண்டும். ஈரக்கையால் ஒரு கையிலேயே பட்டனை அழுத்த வேண்டும். பேனா பேட்டரி போடுகிறதாக இருக்க வேண்டும், அது நாகூரில் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். படகின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்துக்கொள்ள ஒரு ஒயர் தனியாக விற்கிறதாம், அதையும் சேர்த்து வாங்கு. வரைபடம் இருக்கிற விலை கூடினது தேவையில்லை, அது உங்கள் ஊர் ஏரியில் ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போகிறவர்களுக்காகச் செய்தது, நம் கடல் அதில் இருக்காது. நிற்கிற இடத்துக்கு இரண்டு எண் காட்டினால் போதும், அதை வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டால் தேடுகிறவர்கள் நேராக வந்துவிடுவார்கள். அதுவும் நூறு மீட்டர் முன்னே பின்னே காட்டும் என்று போட்டிருக்கிறது என்றான். நான் பயந்து போய், அவ்வளவு தப்பாகக் காட்டினால் என்ன செய்வது என்று கேட்டேன். "நூறு மீட்டர்னா ஆளைக் கண்ணுல பாக்கலாம்மா" என்றான். ஒன்பது நாளைக்குப் பிறகு அவன் என்னை அம்மா என்று கூப்பிட்டுப் பேசியது அதற்காகத்தான்.

தை பிறந்ததும் போகிறான். அப்பா, போகத்தான் வேண்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "படகு நின்னா மீரான் ஊட்டு அடுப்பும் நின்னுருமுங்கப்பா" என்றான். உன்னோடு வேலை செய்கிறவர் யாரோ தை கடைசியில் சென்னை வருவதாக எழுதியிருந்தாயே, அவர் கையில் கொடுத்துவிடு. தேதி தெரிந்தால் யூனுஸ் சென்னைக்கு வந்து வாங்கிக்கொள்வான், அவன் வீட்டு விலாசத்தைத் தம்பி தன் கையெழுத்தில் பின்பக்கம் எழுதியிருக்கிறான். பீளமேட்டு விலாசத்துக்கு அனுப்பச் சொல்ல வேண்டாம் என்றான். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் சொல்வது சரிதான், அப்படியே செய். மீரான் வீட்டில் இந்தச் சங்கதியைச் சொல்ல வேண்டாம், அந்தம்மா என்னை நல்லவளாக நினைத்துக்கொண்டிருக்கட்டும், அவளுக்கு அதுவாவது இருக்கட்டும் என்றும் சொன்னான். இது எனக்குத் தண்டனையா, அவளுக்கு இரக்கமா என்று தெரியவில்லை. ரெண்டும்தான் என்று தோன்றுகிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்து, அந்தப் பக்கத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். தண்ணீரில் விழுந்தால் மிதக்காது என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதாம். மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளக் கெட்டியான கயிறு வைத்ததாகப் பார்த்து வாங்கச் சொல் என்றார். நீ அங்கேயே ஒரு தடவை பேட்டரி போட்டு, வெட்டவெளியில் வைத்து, சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுத்தனுப்பு. விளக்கப் புத்தகத்தை மறந்துவிடாதே.

இனியாவுக்குக் காதை மூடிக் குல்லாய் போடு, ராத்திரி வெந்நீரே கொடு. மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல், இந்தக் கடிதத்தை அவருக்குக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். மாகாளியம்மன் உங்கள் மூன்று பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், நீங்கள் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். தம்பிக்கு நாகூர் விலாசத்துக்கே இனி நேராக எழுது அம்மணி. எனக்கு எழுதும்போது திட்டியே எழுது, நான் படித்துக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
சாந்தாமணி