லாந்தர் நின்ற இடம்

நாமக்கல்,
12.3.1938

என் சாமிக்கு,

அம்மாவின் படம் கேட்டு எழுதியிருந்தாய். ஆயுள் குறையும் என்று பயந்து, அவள் என் கேமரா முன் நின்றதே இல்லை. இருப்பது இத்துடன் அனுப்பும் இந்தப் படம் ஒன்றுதான்.

இதில் நம் ஊர் மலைப்பாறைக்கு மேலே வளைந்த கோடுகளெல்லாம் நட்சத்திரங்கள். ராத்திரி லென்சை மூன்று மணி நேரம் திறந்து வைத்திருந்தேன். பாறைக்கு வெளிச்சம் காட்ட லாந்தரோடு நடந்தவள் உன் அம்மா. நடந்துகொண்டே இருந்தால் உருவம் விழாது, விளக்கின் கோடு மட்டுமே விழும் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தாள்.

பாதியில், "ஏனுங்க, மூச்சு வாங்குதுங்க. சித்த நிக்கட்டுங்களா?" என்றாள்.

"நின்னா படம் கெட்டுப்போகும், நட!" என்று கத்தினேன்.

அடுத்த மாதமே அவளை மயானத்துக்குத் தூக்கிப் போனோம்.

விளக்குக் கோட்டின் நடுவே வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கிறது, பார். அங்கே மட்டும் நின்றிருக்கிறாள்.

உன் அப்பா