மூன்று பேரிடமும் ஒரே பிழை

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிற அளவுக்கு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். உன் பிள்ளை பயில்வானுக்கு நேற்று ஆக்ஸிஜன் குழாயை எடுத்துவிட்டார்கள், கால் டம்ளர் பால் குடித்தான், ஆனால் இதயத்து ஓட்டையை அடைக்கிற ஆபரேஷனை ஆறு வாரம் தள்ளிவிட்டார்கள். இதெல்லாம் போனில் சொன்னதுதான். சொல்லாதது ஒன்று இருக்கிறது. போனில் நீ அழுவாய், நீ அழுதால் நான் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

அவனைச் சேர்த்த அன்று, கூட இருக்கிறவர்களுக்கு வார்டு வாசலில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டில் மொட்டைப் பாப்பாவின் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நர்ஸைப் படிக்கச் சொல்லிக் கேட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். உங்களுக்கும் படித்துச் சொல்லட்டுமா என்று நர்ஸ் என்னைக் கேட்டதும் சுருக்கென்றது. அஞ்சாவது வரை படித்தவள், உன் ரிப்போர்ட் கார்டில் என் கையெழுத்தைப் பார்த்து உங்கள் வாத்தியாரே அசந்திருக்கிறார், கொண்டா பேனாவை என்று வாங்கிக்கொண்டேன். சுவாசத் தொற்று அறிகுறி உண்டா என்று ஒரு கேள்வி. சுவாசம் புரிந்தது, மற்றது பிடிபடவில்லை, என்னவோ பெரிய வியாதி போல என்று நினைத்து முத்து முத்தாக ‘இல்லை’ என்று எழுதினேன். அப்போது மூன்று நாளாக எனக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. தெரியாமல் எழுதினேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை, கேட்க வாய் இருந்தும் நான் கேட்கவில்லை.

நாலாம் நாள் இவனுக்குக் காய்ச்சல், மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குழி விழுந்தது. ஆறாம் நாள் மொட்டைப் பாப்பாவுக்கும் அதே மாதிரி. அதற்கு மூன்று மாதம்தான். கண்ணாடி அறையில் மூச்சு மெஷினில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள், பத்தாம் நாள் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

அது உள்ளே இருக்கும்போதே எங்கள் எல்லார் மூக்கிலும் குச்சி விட்டுச் சளி எடுத்திருந்தார்கள். கிருமியை எழுத்தெழுத்தாகப் படிக்கிற புது மெஷின் வந்திருக்கிறதாம். லேப் டாக்டரம்மா என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். கிருமி பெருகும்போது தன்னைத்தானே பார்த்து எழுதிக்கொள்ளுமாம், அங்கங்கே பிழை விழுமாம், ஒரே பிழை இருந்தால் ஒரே வழியில் வந்தது என்று அர்த்தமாம். பரீட்சையில் பார்த்து எழுதியவர்களை வாத்தியார் பிடிப்பது போலத்தான். எனக்கும் பயில்வானுக்கும் அந்தப் பாப்பாவுக்கும் ஒரே பிழைகள். முதலில் சளி பிடித்தது எனக்கு. குற்றம் சொல்ல இல்லை பாட்டி, இனி நடக்காமல் பார்க்கத்தான், உங்கள் பெயர் வெளியே போகாது என்றார். நல்ல பெண்.

அப்பா, வாயைத் திறக்காதே என்றார். என்னால் முடியவில்லை. இறப்புச் சான்றிதழ் வாங்க வந்த பாப்பாவின் அம்மா வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், எதிரே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், “நான் சாப்பிடப் போறப்பல்லாம் உங்க மடியிலதானேம்மா போட்டுட்டுப் போனேன்” என்றாள். அவ்வளவுதான். நாலு அறை அறைந்திருந்தால் தேவலை.

எனக்குச் சளி நின்றுவிட்டது, வார்டுக்குள் போகலாம் என்கிறார்கள். அப்பாதான் போகிறார். நான் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறேன், பயில்வான் தூக்கச் சொல்லிக் கையை நீட்டுகிறான், நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். ஆபரேஷன் சமயத்தில் அவனோடு யார் இருப்பது என்று நீதான் சொல்ல வேண்டும். லீவு கிடைத்தால் நீயே வந்துவிடு. கிடைக்காவிட்டால், அம்மா மனசு நோகுமே என்று பார்க்காமல் யார் என்று எழுது. மாப்பிள்ளையிடமும் இதைப் படித்துக் காட்டு, மறைக்காதே. வேளைக்குச் சாப்பிடு. இருவரும் நூறு வயசு நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா