பாதியில் நின்ற தையல் கோடு

என் செல்ல மதினி,

கயலுக்கு ஜாக்கெட் கச்சிதமாகப் பொருந்திவிட்டது! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. உங்கள் மகள் கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள்தான். திருப்பரங்குன்றத்தில் முகூர்த்தம். அண்ணன் காலையிலிருந்து காரணமே இல்லாமல் எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறார். அதனால் எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காளவாசல் கடையில் நாம் ஜாக்கெட் அளவுத்தாள் அச்சடித்து விற்றோமே, நினைவிருக்கிறதா? முழுக்கோட்டில் வெட்ட வேண்டும், விட்டுவிட்டுப் போகும் கோட்டில் தைக்க வேண்டும். நீங்கள் கம்ப்யூட்டரோடு வந்த படம் வரையும் சாஃப்ட்வேரில் முழுக்கோடு இழுத்துவிட்டு, ஒவ்வொரு இடைவெளியாக அழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். வெக்டர் என்று ஒன்று இருக்கிறதாம், எவ்வளவு இழுத்தாலும் கோடு கோடாகவே இருக்குமாம், படிப்போமா என்று கேட்டால், "அட போ ஜோதி, அம்புட்டையும் படிச்சு நான் என்ன கலெக்டராவா போகப்போறேன்?" என்பீர்கள்.

ஒருமுறை சின்ன அளவுப் படத்தை அப்படியே பெரிதாக இழுத்து அச்சடித்தோம். பிட்மேப் என்பது குட்டிக் குட்டிக் கட்டங்களால் ஆன படம்தானே, இழுத்ததும் மங்கி, வளைவில் இடைவெளியெல்லாம் அடைத்துக்கொண்டது. கோச்சடை அக்கா ஒருவர் முழுக்கோடு என்று நினைத்துத் தையல் கோட்டிலேயே வெட்டிவிட்டு, துணியை அணைத்தபடி வந்து நின்றார். அக்குளில் ஒட்டுப் போட்டுக் கொடுத்தீர்கள். அன்று நீங்கள் சாப்பிடவேயில்லை.

அதனால்தான் கயல், "அம்மா போட்ட தாள்லதான் என் கல்யாண ஜாக்கெட்ட வெட்டணும் அத்தை" என்றதும் நான் தயங்கினேன். நீங்கள் கடைசியாகப் போட்டது முப்பத்துநாலு அளவு. அவளுக்கு நாற்பது, எல்லாம் உங்கள் சமையல். துணியோ பட்டுச்சேலையோடு வந்த ஒரே துண்டு. தப்பாக வெட்டினால் அதே பட்டுக்கு எங்கே போவேன்?

உட்கார்ந்து வெக்டர் படித்தேன். உங்கள் படத்தை அடியில் வைத்து, உங்கள் கோட்டின் மேலேயே கோடு போட்டேன். மதினி, இதில் எதையும் அழிக்கவே வேண்டாம்! முழுக்கோடாகப் போட்டுவிட்டு ஒரு டிக் அடித்தால், அது விட்டுவிட்டுத் தெரிகிறது. துண்டு எவ்வளவு, இடைவெளி எவ்வளவு என்று எண் கொடுத்தால் போதும். கழுத்தைத் தொடாமல் பக்கவாட்டை மட்டும் இழுத்தேன், இடைவெளிகள் தாமாகவே புதிதாக விழுந்தன. எழுந்து நின்று கை தட்டினேன். "அப்பா, அத்தைக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு!" என்று கயல் அண்ணனைக் கூப்பிட்டாள்.

ஜாக்கெட்டின் கைப் பகுதிக்கு வந்தபோதுதான் கவனித்தேன். உங்கள் படத்தில் தையல் கோடு பாதிவரை துண்டு துண்டாக வந்து, அப்புறம் முழுக்கோடாகவே போகிறது. எந்த நாள் என்று எனக்குத் தெரியும். "தலைய சுத்துது ஜோதி, வீட்டுக்குப் போறேன். மீதிய நாளைக்கு அழிச்சுக்கிறேன்" என்று எழுந்தீர்கள். பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் திரும்பவில்லை. அந்த மீதியை என் புதுப் படத்தில் முடிக்க எனக்கு ஒரு நொடிதான் ஆனது. நீங்கள் இருந்தபோதே நான் இதைப் படித்திருக்கக் கூடாதா?

பழைய வேட்டியில் வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் பட்டில் கத்தரி வைத்தேன். கயல் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் கையைத் தூக்கினாள், இறக்கினாள். "எங்கயும் பிடிக்கல அத்தை. அம்மாவே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு." அண்ணன் நிலைப்படியில் நின்று பார்த்தார். யாரையும் திட்டாமல் போய்விட்டார்.

இனி எல்லா அளவுக்கும் உங்கள் கோட்டைப் போட்டுவிடுவேன் மதினி, இது சத்தியம். நீங்கள் பாதியில் விட்ட அந்தப் படத்தை மட்டும் தொட மாட்டேன், அது அப்படியே இருக்கட்டும். கல்யாணம் முடிந்த மறுநாளே, அச்சடித்த முதல் தாளை எடுத்துக்கொண்டு நானே கோச்சடைக்குப் போகிறேன், அன்று துணி பாழாகி வந்து நின்ற அந்த அக்கா வீட்டுக்கு.

உங்கள் நாற்காலியை இன்னும் யாருக்கும் கொடுக்காத நாத்தனார்,
ஜோதி