என் பக்கத்துக் கதவு ஸ்பீக்கர்

நான் பேசுவதற்கெல்லாம் 'ஊம்' மட்டும் கொட்டியே முப்பது வருஷம் குடும்பம் நடத்திய என் வீட்டுக்காரருக்கு,

அங்கே எப்படி இருக்கீங்க? இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம். வேனை இப்போது நம் மகள் செல்விதான் ஓட்டுகிறாள். பாத்திரம் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைச் சந்தைக்கு நாங்கள் இரண்டு பேரும்தான் போய்வருகிறோம். வளைவில் உங்களைவிட நிதானமாகத் திருப்புகிறாள், கோபித்துக்கொள்ளாதீங்க.

உங்களிடம் ஒன்று கேட்கணும். கேட்டு என்ன ஆகப்போகிறது, தெரியவில்லை. ஆனாலும் நாலு நாளாக மண்டை காய்கிறது.

நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து வண்டியில் பாட்டே போடவில்லை. போன வாரம் செல்வி போட்டுப் பார்த்தாள். உங்கள் பக்கத்துக் கதவு ஸ்பீக்கரில் கொரகொரவென்று ஒரே இரைச்சல். என் பக்கம்தான் பல வருஷமாக ஊமையாச்சே. ரெண்டையும் மாற்றிவிடலாம் என்று கள்ளக்குறிச்சியில் ஸ்பீக்கர் மாட்டுகிறவரிடம் போனோம். என்னை அங்கே விட்டுவிட்டுச் செல்வி சரக்கு எடுக்கப் போய்விட்டாள்.

அவர் உங்கள் பக்கத்துக் கதவு அட்டையைக் கழற்றினார். உள்ளே ஸ்பீக்கர் காகிதம் நைந்து தூள்தூளாகக் கொட்டியது. பாவம், அது எத்தனை வருஷம் பாடியிருக்கும். அடுத்து என் பக்கத்தைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, இது நல்லாத்தான் கீது. ஒயரைத்தான் யாரோ வெட்டி டேப்பு சுத்தி வெச்சிருக்காங்க."

யாரோவா? அந்த வண்டியில் ஒரு ஸ்க்ரூ திருகுவதென்றாலும் நீங்கள்தானே திருகணும். அதுவும் கிணற்று மோட்டாருக்கு வாங்கிய அதே சிவப்பு டேப்பு.

என் பக்கம் பாட்டே வரவில்லை என்று எத்தனை தடவை உங்களிடம் சண்டை போட்டிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் "கிழிஞ்சி போச்சி, மாத்திக்கலாம்" என்பீங்க. உங்களுக்குப் பொய்யே வராது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

முதலில் கோபம்தான் வந்தது. பாட்டோடு சேர்ந்து நானும் பாடுவேனே, அது பொறுக்காமல்தான் வெட்டினீங்களா? என் குரல் அவ்வளவு மோசமா? கடை வாசலிலேயே கண் கலங்கிவிட்டது.

அதற்குள் அவர் என் பக்கத்துக் கதவின் பூட்டைக் காட்டினார். கொக்கி தேய்ந்துபோய், கம்பி போட்டுக் கட்டியிருந்தது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒருநாள் பாட்டுக் கேட்பதற்காகக் கதவில் காதை வைத்துச் சாய்ந்துகொண்டு வந்தேன், மலை வளைவில் கதவு படாரென்று திறந்துகொண்டது. நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்தீங்க. நான் சிரித்தேன். நீங்கள் சந்தை போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் அந்தக் கதவில் சாயக்கூடாது என்றுதான் வெட்டினீங்களா? அப்படியென்றால் 'சாயாதே' என்று வாயைத் திறந்து சொன்னால் போதாதா? புதுப் பூட்டு மாட்ட உங்களுக்கு அரை நாள் ஆகுமா? அதை ஏன் செய்யவில்லை?

இன்னொன்றும் இருக்கிறது. என் பக்கம் பாட்டு வராததால், அந்த நீள சீட்டில் உங்கள் தோள் இடிக்கும் அளவுக்கு நகர்ந்து வந்துதான் கேட்பேன். மலையடிவாரக் கோயில் வந்ததும் நம்ம பக்கத்து டிரைவர்கள் பாட்டை நிறுத்துவார்கள் இல்லையா, நீங்களும் நிறுத்துவீங்க. மற்றவர்கள் கோயில் தாண்டியதும் போட்டுவிடுவார்கள். நீங்கள் நாலு வளைவு தாண்டியும் போடமாட்டீங்க. பாட்டு இல்லாத அந்த நேரத்திலும் நான் உங்களை ஒட்டித்தான் உட்கார்ந்திருப்பேன். நகர்ந்து உட்கார் என்று நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை.

எதற்குத்தான் வெட்டினீங்க? யாரைப் போய்க் கேட்பேன்?

ஜோடியாகத்தான் மாட்டணுமாம், புது ஸ்பீக்கர் ரெண்டும் மாட்டியாச்சு. பூட்டும் புதுசு. நேற்று மலை ஏறும்போது செல்வி பாட்டுப் போட்டாள். என் காதோரமே கணீரென்று கேட்டது. கொஞ்ச தூரம் போனதும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, அந்தாண்ட அவ்ளோ எடம் கீது, எம்மேல வந்து சாஞ்சிக்கினு கீற?"

"என் பக்கம் பாட்டு சரியா கேக்கலடி" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. எவ்வளவு சுலபமாக வருகிறது இந்தப் பொய்!

நாளைக்கே கள்ளக்குறிச்சி போய் என் பக்கத்து ஒயரைக் கழற்றிவிடச் சொல்லப்போகிறேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும். செல்வி கேட்டால், கிழிஞ்சி போச்சி, மாத்திக்கலாம் என்று சொல்வேன். புது ஸ்பீக்கர் எப்படிம்மா கிழியும் என்பாள். அதற்கு 'ஊம்' மட்டும் கொட்டுவேன். உங்கள் மேல் சத்தியம்.

இன்னும் உங்கள் பக்கமே சாய்ந்துகொண்டிருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி, செல்வியின் அம்மா