மொட்டையான பிளாஸ்டிக் புல்

என்னங்க,

சாப்பாடு அடுப்புமேல மூடி வச்சிருக்கேன். பிளாஸ்டிக் புல் ஒட்டுறவர் பசை டப்பாவோட வருவார். "வளர்ந்திருச்சு"ன்னு நேத்து நீங்க புல் வெட்டுற மிஷினை ஓட்டி மொட்டையடிச்ச இடத்துல, புதுத் துண்டு வச்சு ஒட்டுவார். எப்படி ஆச்சுன்னு கேட்டா, மானத்தை வாங்காம, நாய் பிறாண்டிருச்சுன்னு சொல்லுங்க. நம்புறதுக்காக வாசல்ல ஒரு கிண்ணம் வச்சிருக்கேன். நாய் எங்கேன்னு கேட்டா, உள்ள போய்க் குரைங்க.

நான் இன்னும் உங்களோட பேசல. இது எழுத்து.

பி.கு.: பசை காயுற வரைக்கும் மிதிக்காதீங்க.

இன்னொண்ணு: திரும்ப முளைக்கும்னு காலையில மொட்டைக்குத் தண்ணி ஊத்தினீங்களே, ஜன்னல்ல பார்த்தேன். பாதிக் கோபம் அங்கேயே போயிருச்சு. சாயங்காலம் எனக்கும் ஒரு தடவை குரைச்சுக் காட்டுங்க, மீதியும் போயிரும்.